கர்னல் இந்தப் பருவமும் நிற்பான்

"நிகரற்றன்னு எழுது" என்றார் ஆடம்.

கிரிசல் ஒரு கையில் சளிக் கிண்ணத்தையும் மறு கையில் பேனாவையும் பிடித்திருந்தாள். மை சொட்டிப் போர்வையில் விழுந்தது.

"நிகரற்ற மேலயே இருக்குண்ணே."

"எங்க?"

"ரெண்டாவது வரியில. நிகரற்ற கால் எலும்பு."

"அது காலுக்கு. இது குணத்துக்கு. நிகரற்ற சாந்த குணம்னு போடு."

"அந்தச் சாந்த குணம் போன வாரம் என் தோள்ல பல்லைப் பதிச்சிருக்கு. பாக்கறீங்களா?"

ஆடம் பார்க்க விரும்பவில்லை. இருமல் வந்தது. அவள் கிண்ணத்தை நீட்டி, முதுகைத் தாங்கி, வாயைத் துடைத்து, மறுபடி பேனாவை எடுத்தாள். நுரையீரல் இரண்டிலும் நீர் கோத்துக்கொண்டு சாகக் கிடக்கிற மனுஷனுக்குப் பாதிரியார் வேண்டாம், பைபிள் வேண்டாம், விளம்பரம்தான் வேண்டும்.

வசந்தத்தில் மலையிலிருந்து வடமேற்குக் காற்று சூடாக இறங்க ஆரம்பித்தால் போதும், பெட்டைகளோடு சேர்க்க ஆண் குதிரை வைத்திருக்கும் அந்த மாவட்டத்துப் பொலிகுதிரைக்காரர்கள் வாரப் பத்திரிகையில் ஒரு பக்கத்தை அடைத்துவிடுவார்கள். எல்லா விளம்பரமும் 'இவனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை' என்று ஆரம்பித்து, பிறகு அரைப் பத்திக்குச் சொல்லும். தகப்பன் யார், தாயைப் பெற்ற தாய் யார், எந்தக் கண்காட்சியில் என்ன பரிசு, குளம்பை மூடும் முடி எவ்வளவு பட்டு. ஆடமுக்குக் குதிரையைத் தெரியுமே தவிர எழுத்துக் கூட்டத் தெரியாது. அவர் மனைவி இறந்துபோன பிறகு வீடு பார்த்துக்கொள்ள ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்த தங்கை கிரிசல், முதல் வசந்தத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்தாள். மார்பகலம் எழுதினாள், தொடைத் தசை எழுதினாள், சினை பிடிக்காத பெட்டையை இரண்டாம் முறை இலவசமாகக் கொண்டுவரலாம் என்றும் எழுதினாள். ஆனால் முற்றத்தில் ஒரு பெட்டைக் குதிரை வந்து நின்றதும், "உள்ள போ, திரைய இழு" என்பார் ஆடம். பெண்பிள்ளை பார்க்கிற காரியமில்லை அது. எழுதலாம், பார்க்கக் கூடாது. அவள் திரையை இழுப்பாள். இரண்டு விரல் இடைவெளி விட்டுத்தான் இழுப்பாள்.

"எல்லாத்தையும் ஒருக்கா படி" என்றார் ஆடம்.

"இப்பதான படிச்சேன்."

"படிடீ. இந்த வாரம் பேப்பர்ல வரலைன்னா குதிரையே செத்துப்போச்சுன்னு நெனச்சுக்குவானுங்க. எல்லாப் பெட்டையும் லோரிமர் வீட்டுக்குப் போயிடும்."

லோரிமர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த இன்னொரு பொலிகுதிரைக்காரர். கிரிசல் பெருமூச்சு விட்டுப் படித்தாள். "கர்னல். கிளைட்ஸ்டேல் இனம். கரும்பழுப்பு. இவனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்தப் பருவம் முழுவதும் பெட்டைகளுக்காக நிற்பான். வியாழக்கிழமைகளில் கில்பர்னில், உரிமையாளர் வீட்டிலேயே..."

கால் எலும்பைத் தாண்டி, தகப்பன் வம்சத்தைத் தாண்டி, குணத்துக்கு வந்தாள்.

"நிகரற்ற நல்லா இல்லண்ணே. 'அடக்கமான குணம்'னு விட்டுடலாமா? அதுவே பொய்தான், ஆனா சின்னப் பொய்."

ஆடமின் தலை சுவர்ப் பக்கம் சாய்ந்தது.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டா ஆச்சா? உங்களுக்குப் புடிக்கலைன்னா சொல்லுங்க. அடுப்புல கஞ்சி இருக்கு, கோழிக்குத் தீனி போடல, உங்க குதிரைக்கு இன்னும் தண்ணி காட்டல. நான் ஒருத்தி எத்தனையைத்தான் பாக்கறது? நிகரற்றன்னே போட்டுத் தொலைக்கறேன். போதுமா? அண்ணே?"

இன்னும் கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகுதான் நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, கடைசி வரிவரை படித்து முடித்தாள்.

மறுநாள் காலைத் தபால் வண்டியில் பத்திரிகைக்கு ஒரே உறையில் இரண்டு காகிதம் போயின. ஒன்று விளம்பரம். இன்னொன்று மரண அறிவிப்பு, மூன்றே வரி. அதில் எந்த அடைமொழியும் இல்லை. அண்ணனுக்கு என்ன போடுவது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அடக்கம். பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்த தம்பி வால்டர் காலையிலேயே வந்து இறங்கினான். கையில் பத்திரிகை.

"அக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? இந்தப் பக்கம் அண்ணன் செத்துப்போனாருன்னு இருக்கு. அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுல குதிரை நிக்குதுன்னு இருக்கு. ரயில்ல எல்லாரும் சிரிக்கறாங்க."

"ரெண்டும் உண்மைதான?"

"எதுக்கு இப்ப வாய்க்கு வாய் பேசற? டிமாரூ ஊர்ல ஒருத்தர் குதிரையை வெலைக்குக் கேக்கறாரு. சனிக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போயிடுவாரு. நீ எங்க வீட்டுக்கு வந்துடு. மாடியில சின்ன ரூம் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. புள்ளைங்களப் பாத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்."

சவப்பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருந்தது. கிரிசல் அதைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"பெட்டியோட அந்தப் பக்கத்தை நீ தூக்கறியா, இல்ல பேரம் முடிஞ்ச பிறகு தூக்கறியா?"

வால்டர் முகம் சிவந்து வெளியே போனான்.

அவர்கள் வழக்கப்படி பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. ஆண்கள் எல்லோரும், கூலியாள் உட்பட, தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெட்டியோடு மலைச்சரிவில் ஏறினார்கள். வீட்டில் கிரிசலும் பக்கத்துப் பண்ணை பர்விஸ் அம்மாளும், வெட்ட வேண்டிய ஒரு முழுப் பன்றித்தொடையும் மிஞ்சினார்கள். பர்விஸ் அம்மாள் வெட்டுவதைவிட அதிகமாக அழுதாள்.

"எவ்வளவு நல்ல மனுஷன்! ஒரு கடுஞ்சொல் உண்டா?"

"நிறைய உண்டு. துண்டு ரொம்பக் கனமா வெட்டறீங்க."

அப்போது வாசலில் ஒரு பெட்டைக் குதிரை கனைத்தது. லாயத்திலிருந்து கர்னல் பதில் சொன்னான். அலமாரியில் பீங்கான் அதிர்ந்தது.

முற்றத்தில் முழங்கால்வரை சேறோடு ஓர் ஆள் நின்றிருந்தார். ஆற்றுக்கு அப்பாலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். கையில் கயிறு, கயிற்றின் முனையில் சாம்பல் நிறப் பெட்டை.

"ட்ரெகியர்னு பேரும்மா. ஐயா இருக்காரா?"

"மலையில இருக்காரு."

"எப்ப வருவாரு?"

"வரமாட்டாரு. அடக்கம் பண்ணிக்கிட்டிருக்காங்க."

ட்ரெகியர் தொப்பியை எடுத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி எடுத்தார். "பேப்பர்ல வியாழக்கிழமைன்னு போட்டிருந்துச்சே."

"செத்துட்டாருன்னும் அதே பேப்பர்லதான் போட்டிருந்துச்சு."

"நான் குதிரைப் பக்கம் மட்டுந்தாம்மா படிப்பேன்."

கிரிசலுக்குத் தலை வலித்தது. இவரைத் திருப்பி அனுப்பலாம். போகிற வழியெல்லாம் கர்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டே போவார். பிறகு எந்தப் பெட்டையும் வராது. சனிக்கிழமை டிமாரூக்காரன் வருவான். அப்புறம் மாடியில் ஒரு சின்ன அறை.

"பெட்டை பருவத்துல இருக்கா?"

ட்ரெகியர் காது நுனிவரை சிவந்துபோனார். ஒரு பெண்பிள்ளை வாயிலிருந்து அவர் அதைக் கேட்டதே இல்லை. "நாலு நாளாச்சும்மா. நாளைக்குன்னா தாண்டிடும்."

"அந்தக் கட்டைவேலிக்கு அந்தாண்ட நிறுத்துங்க."

"ஆம்பளைங்க யாராவது..."

"ஆம்பளைங்க எல்லாம் மலையிலதான். காத்துக்கிட்டிருந்தா இருட்டிடும், அப்புறம் ஆறு தாண்ட முடியாது. நிறுத்துங்க."

பர்விஸ் அம்மாள் கத்தியோடு கதவருகே வந்தாள். "ஏம்மா கிரிசல், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கருப்புத் துணியோட! இன்னும் மண்ணு கூட மூடியிருக்க மாட்டாங்க!"

"நீங்க உள்ள போங்க. திரைய இழுத்துக்குங்க."

கர்னலை அவள் தினமும் பார்ப்பவள்தான். தீனி வைத்திருக்கிறாள், கடி வாங்கியிருக்கிறாள். ஆனால் பெட்டை வாசனை பிடித்துவிட்ட இந்தக் கர்னலைக் கயிற்றில் பிடித்ததில்லை. கதவைத் திறந்ததும் ஒரு மலையே நடந்து வருவதுபோல வந்தான். அவள் தோளைத் தேடிப் பல் திரும்பியது. மூக்கில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"உன்னால எனக்கு இத்தனை வருஷம் எழுதி எழுதிக் கை ஒடிஞ்சது போதும். ஒழுங்கா வா."

வேலிக்கு இரண்டு பக்கமும் குதிரைகள் மூக்கை நீட்டின. பெட்டை வீறிட்டது, பின்னங்காலை ஒருமுறை தூக்கியது, பிறகு அசையாமல் நின்றுவிட்டது. ஆடம் இதற்குத்தான் காத்திருப்பார் என்று கிரிசலுக்குத் தெரியும். வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ட்ரெகியரைப் பார்த்தாள். அவர் பெட்டையின் தலையைப் பிடித்தபடி மரியாதைக்காகக் கண்களை இறுக மூடியிருந்தார்.

"யோவ்! கண்ணைத் திறங்க! அது உதைச்சா உங்களையும் மலைக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்!"

"சங்கடமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் என்ன கல்யாணமா நடக்குது? தலையை உசத்திப் பிடிங்க."

அவர் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தார். கிரிசல் கயிற்றைத் தளர்த்தினாள். கர்னல் எழுந்தபோது அவன் நிழல் அவளை முழுதும் மூடியது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. விடவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு கணம் பார்வை போனது. திரை இழுத்திருந்தது. இரண்டு விரல் இடைவெளியும் இருந்தது.

முடிந்ததும் முற்றம் அமைதியாகிவிட்டது. கர்னல் வியர்த்து, நுரை தள்ளி, ஒரு கிழவனைப்போலத் தலையைத் தொங்கவிட்டு நின்றான். மலையிலிருந்து பைபிள் சங்கீதம் பாடும் ஆண் குரல்கள் காற்றில் கொஞ்சம் வந்தன, கொஞ்சம் வரவில்லை.

"சினை நிக்கலைன்னா மூணு வாரம் கழிச்சுக் கொண்டாங்க" என்றாள் கிரிசல்.

"அப்ப யாரும்மா இருப்பா?"

"நான் இருப்பேன். பேப்பர்ல போடறேன். ரெண்டு பக்கத்தையும் படிங்க."

ட்ரெகியர் பெட்டையை ஓட்டிக்கொண்டு பாதையில் நடந்தார். எதிரே அடக்கம் முடிந்து ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாதை குறுகல். கருப்புக் கோட்டுக்காரர்கள் எல்லோரும் தொப்பியைக் கையில் வைத்தபடி ஓரமாக ஒதுங்கி, பெட்டைக்கு வழி விட்டார்கள். வால்டர் பெட்டையைப் பார்த்தான், முற்றத்தைப் பார்த்தான், வேகமாக நடக்க ஆரம்பித்தான்.

அவன் வந்தபோது கிரிசல் கர்னலை லாயத்தில் கட்டிவிட்டு, பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். கருப்புத் துணியில் ஒரு கை கிழிந்திருந்தது, மற்றதெல்லாம் குதிரை முடி.

"அக்கா, நீ என்ன பண்ண?" வால்டர் கையிலிருந்த தொப்பியால் லாயத்தைக் காட்டினான். "இன்னிக்குமா? அங்க நாங்க அண்ணனை இறக்கிக்கிட்டிருக்கோம், இங்க நீ..."

"டிமாரூக்காரருக்கு எழுதிடு. குதிரை விக்கறதுக்கில்லன்னு."

"ஊரு என்ன சொல்லும்?"

"உள்ள பன்றிக்கறி வெட்டி வச்சிருக்கு. எல்லாரையும் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிடச் சொல்லு."

அவன் நகரவில்லை. அவள் பம்பை அடித்தாள். வாளி நிறைந்து தண்ணீர் வழிந்தது, அவள் செருப்பை நனைத்துக்கொண்டு முற்றத்தில் ஓடியது. கோழிகள் வந்து குடித்தன.

"அக்கா" என்றான் வால்டர், இந்தத் தடவை மெதுவாக. "வாளி நெறஞ்சிடுச்சுக்கா."

"தெரியுது" என்றாள் கிரிசல். கை பம்பை அடித்துக்கொண்டே இருந்தது.