ஜனவரியில் செய்த பொடி

ஜனவரியில் ஹில்டாவுக்குக் கிடைத்த முடிவு அதன்பின் யாருக்கும் கிடைக்கவில்லை.

பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவள் முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தாள். அலுமினா என்ற வெள்ளைப் பொடியின் மேல் நிக்கலை ஏற்றி, கரியமில வாயுவை எரிவாயுவாக மாற்றும் வினையூக்கியைத் தயாரிப்பது அவள் வேலை. ஜனவரியில் அவள் செய்த பொடி எல்லோரையும் அசத்தியது. பிறகு பிரசவ விடுப்பில் போனாள். அவள் இடத்தில் அதே ஆய்வகத்தின் இளைய மாணவி ஸஹானா அதே நிக்கல், அதே அலுமினா, அதே அளவில் செய்துபார்த்தாள். ஜனவரி அளவில் பாதிதான் தேறியது.

வழிகாட்டியான பட்டாபிராமன் கடிந்து பேசவில்லை. அளவீட்டை எங்கேயாவது தப்பாகப் படித்துவிட்டாயோ என்று மட்டும் ஹில்டாவிடம் போனில் கேட்டார். அதுவே ஹில்டாவைக் குத்தியது. விடுப்பு முடிந்து வந்ததும் தானே செய்துபார்த்தாள். அவளுக்கும் பாதிதான். ஜனவரி முடிவை வைத்து எழுதிய கட்டுரையைக் கைவிடலாம் என்று சாரிடம் சொல்லப் போனவளை ஸஹானா தடுத்து, இன்னொரு தடவை சேர்ந்து செய்வோம் என்றாள்.

நிக்கல் உப்பில் ஊறிக் காய்ந்த அலுமினாவை ஆழமான கிண்ணத்தில் போட்டு, மூடி, உலையில் வைத்தார்கள். சூடேறும்போது ஸஹானா கதவை லேசாகத் திறந்தாள். மூடியின் ஓரத்தில் பழுப்புப் புகை அடைத்துக்கொண்டு நின்றது. நெடி மூக்கில் ஏறியது.

"அக்கா, அன்னிக்கும் இப்படித்தான் பொகை நின்னுச்சா?"

ஹில்டா யோசித்தாள். "இல்லையே. அன்னிக்கு இந்தக் கிண்ணம் ஃப்ரீயா இல்ல. சப்பைத் தட்டுல மெல்லிசா பரப்பி, மூடாம வெச்சேன்." சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். அது ஒரு விஷயமென்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

காய்ந்த பொடியில் மீதி இருந்ததை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி மூடிய கிண்ணத்தில், மறு பாதி தட்டில். தட்டில் வெந்தது ஜனவரிப் பொடியை நெருங்கியது. மின்னணு நுண்ணோக்கிப் படம் காரணத்தைக் காட்டியது. புகை தேங்கிய பொடியில் நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டிகட்டியாகியிருந்தன. தட்டுப் பொடியில் பனித்துளி மாதிரி சிதறிக் கிடந்தன. துகள் சிறுத்தால் வாயு வந்து தொடுவதற்கு இடம் அதிகம்.

பட்டாபிராமன் ஹில்டாவை ஒதுங்கியிருக்கச் சொல்லி, ஸஹானாவைத் தனியாகச் செய்யச் சொன்னார். அவளுக்கும் சரியாக வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு ஹில்டாவிடம், "நீ எப்படிப் பண்ணினேன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும்மா. சாரி" என்றார்.

ஹில்டா கட்டுரையில் ஸஹானாவின் பெயரையும் சேர்த்தாள்.

அன்று மாலை இருவரும் மின்சார ரயிலில் ஒன்றாக வந்தார்கள். உலைக்குள் காற்றை ஊதிக்கொண்டே சூடாக்கினால் துகள் இன்னும் சிறுக்குமா என்று ஸஹானா ஆரம்பித்தாள். ஹில்டா குழாயை எங்கே பொருத்தலாம் என்று கையால் வரைந்து காட்டினாள். தாம்பரத்தில் இறங்க வேண்டிய ஸஹானா, குரோம்பேட்டை வந்த பிறகுதான் எழுந்தாள்.