கடலை அனுப்பிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்

நெட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது போன் செய்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். வயிற்று வலி என்று டாக்டரிடம் போகிறவன்கூட எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து என்று நாலு வார்த்தை சொல்வான். இவர்கள் 'ஸ்லோவா இருக்கு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எமில்டாவும் அப்படித்தான் ஆரம்பித்தாள். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "யக்கா, நாலு மணிக்குள்ள சரியாவலன்னா என் வேல போயிரும்" என்றாள். அப்போது மணி இரண்டு. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு மில்லர்புரத்திலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

என் பெயர் பானுப்ரியா. தூத்துக்குடியில் பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன். கதவைத் திறந்ததும், ஆம்பிளை யாரும் வரவில்லையா என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவர்கள் அதிகம். எமில்டா எட்டிப் பார்க்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே சின்ன மாடி வீடு. மோடம் வாசல் பக்கம் சுவரில் இருந்தது. கம்ப்யூட்டர் பின்னறையில் ஒரு மூலையில். அதன் பின்புறம் செருகியிருந்த வைஃபை குச்சியில் குருத்தோலைச் சிலுவை ஒன்றை நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குட்டி பாட்டில்.

"இது என்னது?"

"தீர்த்தம். லேசாத்தான் தெளிச்சேன்."

"கம்ப்யூட்டர் மேலயா?"

"சுத்தித்தான் யக்கா" என்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவள் முகம் அப்படி வெளிறியிருந்தது.

வேலையைப் பற்றி அவளாகவே சொன்னாள். வெளிநாட்டு டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு அப்படியே தட்டெழுதித் தரும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரமாகக் குரல் நடுவில் விட்டுவிட்டு வருகிறது, எழுதி அனுப்பினால் போவதில்லை. இன்று நாலு மணிக்கு மேலதிகாரியே லைனில் இருந்து சோதிக்கப் போகிறாராம். இதில் சிக்கினால் அவ்வளவுதான்.

"வேற வேல கெடைக்காதா?" என்று கேட்டேன்.

"கெடைக்கும். அதுவரைக்கும் இவரு சும்மா இருக்கமாட்டாரு."

இவர் என்றது அவள் புருஷன் ரோச்சை. சங்கு குளிக்கிறவர். போன வருடம் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே ஏறியதில் இடது கால் மரத்துப்போய், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். இன்னும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறாராம். இனிமேல் தண்ணீருக்குள் போகமாட்டேன் என்று மாதா சுரூபத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறாள். அவரும் செய்துவிட்டார். இப்போது கடல் ஆய்வு செய்யும் ஒரு நிறுவனத்துக்கு வள்ளம் ஓட்டுகிறார்.

"நான் சம்பாரிக்கது நின்னுட்டுன்னா மறுபடி எறங்கிருவாரு யக்கா. இந்த வேலதான் அவர கரையில பிடிச்சி வச்சிருக்கு" என்றாள்.

சரி, இனி விளையாட்டில்லை என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே என் போனை வைத்து வேகம் பார்த்தேன். தொண்ணூற்று நாலு எம்பி. கம்ப்யூட்டரில் இரண்டுகூட வரவில்லை. ஆக, லைன்காரன் மேல் குற்றமில்லை, மோடத்தின் மேலும் இல்லை, கோளாறு இந்த ஒரு பெட்டிக்குள்தான். அணைத்துப் போட்டேன். குச்சியைப் பின்னாலிருந்து பிடுங்கி முன்னால் செருகினேன், சிலுவையோடுதான். மூன்றானது. வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன். சுத்தமாக இருந்தது. எனக்கு எரிச்சல் ஏறியது. ஒரு பெட்டி என்னை ஏமாற்றப் பார்ப்பதை நான் பொறுத்துக்கொள்வதே இல்லை.

பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். எந்த புரோகிராம் நெட்டை எவ்வளவு தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு பேக்கப் புரோகிராம், கிடைத்த வழியையெல்லாம் அடைத்துக்கொண்டு எதையோ வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தப் பழைய வைஃபை குச்சி ஒற்றையடிப் பாதை. எதிரே ஓயாமல் லாரி வந்துகொண்டிருந்தால் அவளுடைய டாக்டர்கள் எப்படி உள்ளே வருவார்கள்?

"எதையோ அனுப்பிட்டே இருக்கியே. என்னது?"

"நான் ஒண்ணும் அனுப்பலயே."

"மூணு வாரமா போய்க்கிட்டிருக்கு. இன்னும் நூத்திச்சொச்சம் ஃபைல் பாக்கி."

அவள் யோசித்தாள். "சாயங்காலம் வந்ததும் இவரு ஒரு கருப்புப் பெட்டிய இதுல சொருகுவாரு, அதுல உள்ளதெல்லாம் இதுல ஏறிக்கிடும். ஆபீஸ் கணக்கு, நீ தொடாதன்னாரு. அந்த ஆபீஸ்ல உள்ள பொம்பளப் பிள்ளதான் வந்து எல்லாம் போட்டுக் குடுத்துச்சி."

கணக்கு எழுதிய ஃபைல் ஒவ்வொன்றும் நாலு ஜிபி இருக்குமா? எனக்குச் சிரிப்புதான் வந்தது. என்னதான் கணக்கென்று பார்க்கலாம் என்று ஒன்றைத் திறந்தேன். அதைத் திறந்திருக்கக் கூடாது என்று அடுத்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

திரை முழுக்கப் பச்சை. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்தப் பச்சை அசைந்தது. புல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல், எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. மேலேயிருந்து வெயில் கோடு கோடாக இறங்கி அதன்மேல் நடமாடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, தினமும் அந்தக் கடலை ஒட்டிய ரோட்டில்தான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். அதற்கடியில் வயல்வெளி இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

கேமராவை ஒரு இரும்புச் சட்டத்தில் மாட்டித் தரையில் வைத்திருக்கிறார்கள் போல. ஒரு கை குறுக்கே வந்து அதைச் சரிசெய்தது. பிறகு ஆள் பின்னால் நகர்ந்தார். முகத்தில் கண்ணாடி, வாயில் காற்றுக்குழாய், கழுத்தில் மாதா படம் தைத்த பழுப்பு நிற உத்தரியக் கயிறு மிதந்துகொண்டிருந்தது.

எமில்டா என் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே யாரென்று எனக்குப் புரிந்தது.

ஃபைலின் தேதியைப் பார்த்தேன். போன சனிக்கிழமை. மௌசைத் தேடி நிறுத்தப் போனேன். "நிறுத்தாதிய" என்றாள். குரலில் ஈரமே இல்லை.

ரோச் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, புல்லுக்கு மேலாக நீந்திப் போனார். அவசரமே இல்லை. வலது கால் ஒரு தள்ளு, இடது கால் ஒரு தள்ளு. இரண்டும் ஒன்றுபோல. எமில்டா திரைக்கு அருகே குனிந்தாள்.

"அங்கன நொண்டலயே" என்றாள்.

உண்மையில் அந்த மனுஷன்மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்திருக்க வேண்டும். கைவைத்துச் செய்த சத்தியத்தைக் காற்றில் பறக்கவிட்டவர். ஆனால் அந்தப் புல்வெளிக்கு மேலே அவர் போன போக்கைப் பார்த்தால் ஆத்திரப்பட முடியவில்லை. சொந்தத் தெருவில் நடந்து போகிறவர்போல இருந்தார்.

அடுத்த ஃபைலை அவளே திறந்தாள். அதில் ரோச் இல்லை. கொஞ்ச நேரம் வெறும் புல். பிறகு ஒரு ஓரத்தில் மண் புகைந்தது. புகைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடிவதாயில்லை. அகலமான மூஞ்சியைத் தரையில் அழுத்திப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றது. முன்னால் இருந்த இரண்டு துடுப்பையும் கையாக ஊன்றி ஊன்றி நடந்தது. அதன் முதுகை ஒட்டி, ஆறு வயதுப் பிள்ளை அளவுக்கு அதே மாதிரி இன்னொன்று.

"ஆவுளியா" என்றாள் எமில்டா, மூச்சோடு மூச்சாக. "கடல்பசு யக்கா. எங்க அப்பா ஒரு தடவ பாத்திருக்காரு. ஒரே தடவ."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோவிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. தாய் தலையைத் தூக்கியது, அப்படியே மேலே எழும்பித் திரையை விட்டுப் போய்விட்டது. குட்டி தனியாக நின்றது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நேராகக் கேமராவிடம் வந்தது. மூஞ்சியில் முள் மாதிரி இருந்த முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. கடுகளவு கண். அது எங்களையே பார்ப்பதுபோல இருந்தது.

எமில்டா சட்டென்று ஹெட்போனை எடுத்து மாட்டினாள். டாக்டர்கள் முணுமுணுப்பதையெல்லாம் பிரித்துக் கேட்டுப் பழகிய காது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தாள். புல் உரசும் சத்தத்துக்கு நடுவில் ஒரு கீச்சுக்குரல், குருவிக்குரல் மாதிரி. விட்டுவிட்டு வந்தது.

"கூப்புடுது" என்றாள். "தாயக் கூப்புடுது."

அத்தோடு படம் நின்றுவிட்டது. கேமராவில் பேட்டரி தீர்ந்திருக்கும். அடுத்த ஃபைல் வேறு நாள், வேறு இடம். அவள் முன்னும் பின்னும் தேடினாள். அதன் தொடர்ச்சி எதிலும் இல்லை.

மணி மூன்றேகால். நான்தான் முதலில் சுதாரித்தேன். "இத இப்ப நிறுத்தி வைக்கேன். நிறுத்துனா உன் லைன் பறக்கும். டெஸ்ட முடி, மத்தத பொறவு பாக்கலாம்."

"நிறுத்துனா இந்தக் குட்டி போய்ச் சேராதா?"

"சேரும், நாளைக்குச் சேரும்."

"வேண்டாம். அதுவும் போட்டும்."

புருஷன் பொய் சொன்னதைக் கண்ட அரை மணி நேரத்தில் அந்தப் பொய்யையே பத்திரமாக அனுப்பச் சொல்கிறாள். எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் பைக்குள் இருந்த கேபிள் சுருளை எடுத்தேன். மோடத்திலிருந்து கதவு நிலை மேலாகப் பின்னறை வரை இழுத்து, இரண்டு முனையிலும் எட்டு எட்டு கம்பிகளை வரிசைப்படுத்திப் பிளக் வைத்து அழுத்தி, வைஃபை குச்சியைக் கழற்றிவிட்டுக் கேபிளைச் செருகினேன். மூன்று ஐம்பத்திரண்டு. வேகம் தொண்ணூற்று ஐந்து. பேக்கப்பும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு மேலதிகாரி லைனில் வந்தார். நான் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு டாக்டர் யாருடைய இருதயத்தைப் பற்றியோ எங்கிருந்தோ பேசினார். எமில்டாவின் விரல்கள் ஓடின. ஒரு இடத்திலும் விட்டுப்போகவில்லை. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத அந்த வயரில் ஒரு பக்கம் அந்த இருதயம் வந்துகொண்டிருந்தது, மறுபக்கம் கடல்பசு போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருடமாக இந்த வயரைத்தான் இழுக்கிறேன். அதற்குள் என்னென்ன போகிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன். எனக்கே என்னைப் பார்த்து வெட்கமாக இருந்தது.

நாலரைக்கு முடிந்தது. "ஓகேன்னுட்டாரு" என்றாள். அதில் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை. மறுபடியும் அந்தக் குட்டியின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

நான் கிளம்புவதற்குள் ரோச் வந்துவிட்டார். காலை இழுத்து நடக்கும் சத்தம் முதலில் கேட்டது. ஒல்லியான, கறுத்த ஆள். கையில் அந்தக் கருப்புப் பெட்டி. என்னைப் பார்த்தார், புதுக் கேபிளைப் பார்த்தார், கடைசியில் திரையைப் பார்த்தார். வாசற்படியை விட்டு அவர் உள்ளே வரவில்லை. தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"ஏளா, நானே சொல்லணும்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"துட்டுக்காவத்தான் எறங்குறியன்னு நெனச்சிருந்தேன்" என்றாள் எமில்டா. "நான் சம்பாரிச்சா கரையில நிப்பியன்னு ராவும் பகலும் தட்டிக்கிட்டிருந்தேன்."

அவர் கையிலிருந்த பெட்டியை வாசற்படியில் இறக்கி வைத்தார்.

"அந்தக் குட்டி தாயிட்ட போய்ச் சேந்துச்சா?"

ரோச் நிமிர்ந்து பார்த்தார். வசவுக்குத் தயாராக நின்ற முகத்தில் என்னவோ ஒன்று அவிழ்ந்தது.

"சேந்துட்டு" என்றார். "தாயி மூச்செடுக்க மேல போயிருந்துச்சி. எறங்கி வந்ததும் இது போய் அது முதுகுல ஒட்டிக்கிட்டு. பொறவு ரெண்டும் மேஞ்சுது. நான் அசையாம கெடந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல."

"எவ்வளவு ஆழம்?"

"ரெண்டு பாகம்தான், ரெண்டாளு மட்டம். அதுக்குக் கீழ போவல. டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் எறங்குனேன்."

"டாக்டர்ட்ட கேட்டிய. எங்கிட்ட கேக்கல."

"நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முகத்தை மூடவில்லை, துடைக்கவும் இல்லை. அப்படியே பேசினாள். "நாளைக்குப் போறியளா?"

"ம்."

"நானும் வாரேன். வள்ளத்துல மேல இருக்கேன்."

"பொம்பளைய வள்ளத்துல ஏத்தமாட்டானுவ, எமி."

"அந்த ஆபீஸ் பிள்ள ஏறுதாள்ல?"

ரோச் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல. நான் மிச்சக் கேபிளைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தேன். அவர் மெதுவாக உள்ளே வந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். திரையில் இருந்த குட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கே கெளம்பணும்" என்றார். "வெயில் மண்டைய பொளந்துரும். தலைக்கு ஒரு துண்டு எடுத்துக்க."