ஃபனாரின் பூட்டு

இணையம் பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப, பக்கங்கள் வடிவமைக்க என எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தது ஃபனார் மென்பொருள். 2005 வசந்தத்தில், இனி அதை வெளியிடப்போவதில்லை என்று அதை நடத்திவந்த அறக்கட்டளை அறிவித்தது. மூலநிரல் எல்லோருக்கும் பொது என்பதால், நாங்களே தொடர்கிறோம் என்று பல நாடுகளிலிருந்து சிலர் முன்வந்தார்கள். ஸ்ஃபாக்ஸ் என்ற வட ஆப்பிரிக்கத் துறைமுக நகரில் ஆலிவ் எண்ணெய் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணினிகளைக் கவனித்துவந்த தலீலாவிடம் அதன் மின்னஞ்சல் பகுதியைப் பராமரிக்கும் பொறுப்பு வந்தது.

அப்போதுதான் ஷெத்லி என்பவர் அவளுக்கு எழுத ஆரம்பித்தார். கேட்காமலே பிழைகளைத் திருத்தி அனுப்பினார். பிறகு, மூலநிரலில் நேரடியாகக் கைவைக்கும் அனுமதி கேட்டார்.

தலீலாவுக்குச் சந்தேகம் வந்தது. அடுத்தவர் மின்னஞ்சலைப் பிரித்துப் படிக்கவே அரசாங்கம் ஆள் வைத்திருந்த காலம் அது.

"இவ்வளவு வேலைய யாராச்சும் சும்மா செய்வாங்களா?" என்றாள், அலுவலகத் தோழன் நுஅமானிடம்.

"நீ செய்யலையா அக்கா? அப்போ உன்னையும் சந்தேகப்படணும்."

அவள் சிரிக்கவில்லை. ஷெத்லி அனுப்பியதை வரிவரியாகப் படித்தாள். கள்ளத்தனம் எதுவும் இல்லை. அதுவே அவளை இன்னும் உறுத்தியது.

ஒருநாள் அவர் அனுப்பிய திருத்தம் அவளைத் திடுக்கிட வைத்தது. ஃபனாரில், பெறுபவர் மட்டுமே படிக்கும்படி கடிதத்தைப் பூட்டி அனுப்பும் வசதி உண்டு. ஒரு பிழையால், சில சமயம் திரையில் பூட்டுச் சின்னம் தெரியும். கடிதமோ திறந்தே போகும். அனுப்பியவருக்குத் தெரியாது. பெற்றவருக்கும் தெரியாது. அந்தப் பிழையைத்தான் ஷெத்லி திருத்தியிருந்தார். அப்படியானால் இவருக்கு எப்படித் தெரிந்தது? நடுவழியில் நின்று படிப்பவனுக்குத்தானே தெரியும்?

நேரில் பேச வேண்டும் என்று எழுதினாள். துறைமுகத்தருகே ஒரு காபிக்கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, களைத்த கண்கள்.

"எங்க வேலை பாக்குறீங்க?"

"நீங்க நெனைக்கிற இடத்துலதான், மேடம்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"போறதுன்னா போங்க. அந்தத் திருத்தத்த மட்டும் சேத்துடுங்க. பூட்டியாச்சுன்னு நம்பி எழுதுறாங்க. மறுநாள் காலையில அது என் மேஜையில இருக்கு."

"இத்தன வருஷமா படிச்சிட்டு, இப்ப மட்டும் என்ன மனசாட்சி?"

"ஃபனாரை நிறுத்திட்டாங்க. இனிமே இத யாரும் சரிபண்ண மாட்டாங்கன்னு எங்க ஆபீசுல ஒருத்தன் சிரிச்சான். கூடச் சேந்து நானும் சிரிச்சேன்."

தலீலா நின்றபடியே கேட்டாள்.

"என்னோடதையும் படிச்சீங்களா?"

அவர் கோப்பையைப் பார்த்தார். "மார்சேயில உங்க அண்ணன். அவருக்கு எழுதினத."

காது மடல்கள் கொதித்தன. அண்ணனுக்கு என்னவெல்லாம் எழுதினோம் என்று நினைக்கக்கூட முடியவில்லை.

"அனுமதி தரமாட்டேன்."

"தராதீங்க. உங்க எடத்துல நான் இருந்தாலும் தரமாட்டேன்."

அலுவலகம் திரும்பி அந்தத் திருத்தத்தை மறுபடி படித்தாள். நுஅமானையும் படிக்கச் சொன்னாள். "சுத்தமா இருக்குக்கா," என்றான். பெயர் போட வேண்டாம் என்று ஷெத்லி கேட்டிருந்தார். தன் பெயரைப் போட்டுச் சேர்த்தாள். எழுதும்போது கை கூசியது.

கோடையில் மென்பொருள் புதுப்பெயரில் வெளிவந்தது. ஷெத்லியிடமிருந்து அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பிடிபட்டாரா, தானாக விலகினாரா, அல்லது அவர் சொன்னதே ஒரு பொறியா, தலீலாவுக்குத் தெரியாது. அண்ணனுக்கு மட்டும் அவள் அந்த வருஷம் முழுக்க எதுவும் எழுதவில்லை. அவன் தொலைபேசியில் கேட்டபோது, வேலை அதிகம் என்றாள்.