போனைக் கொடுத்துவிட்டு உள்ளே வரவும்

அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கேட்டில் ஒன்பது வருடமாக யுவராணிக்கு ஒரே வேலைதான். உள்ளே போகிறவர்களிடம் போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்க வேண்டும். மேனேஜரோ மெக்கானிக்கோ, அவள் கையை நீட்டினால் போன் வந்து விழ வேண்டும், தாட்சண்யமே கிடையாது. அதே கை வீட்டுக்கு வந்து தன் போனை எடுத்தால் மட்டும் லேசில் கீழே வைக்காது. புடவைக் கடை வீடியோ ஒன்று, மீன் குழம்பு வீடியோ ஒன்று, மறுபடியும் புடவை. அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாட்களுக்குக் கணக்கில்லை. புருஷன் லோகநாதன் அதைச் சொல்லிக்காட்டினால் கோபம் வேறு பொத்துக்கொண்டு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் தீபிகாவைப் பெண் பார்க்க திருவேற்காட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. போன தடவை வந்தவர்கள் பண்ணிய கூத்து யுவராணியின் நெஞ்சை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அக்கா காபியைக்கூடத் தொடாமல் வீடியோ கால் போட்டாள். துபாயில் ஒருத்தர், ஓசூரில் ஒருத்தர் என்று வரிசையாகப் பெண்ணைக் காட்டினாள். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாம்மா" என்று தீபிகாவின் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். மாப்பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை, அவன் போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனையும் நடக்கும்போது யுவராணியும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள்.

அவர்கள் போன பிறகு தீபிகா அழவில்லை. "இன்னும் ஒரு வாட்டிதாம்மா. அதுவும் இப்டியே இருந்துச்சுன்னா, கல்யாணப் பேச்சையே எடுக்காத" என்றாள். பூந்தமல்லியில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பெண். சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்குப் பார்த்து கேட்டில் அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவள் லேட். ஷிப்ட் முடிந்து அவள் அண்ணனூர் வீட்டுக்கு வந்து சேர மூன்றரை மணி ஆகிவிட்டது. யூனிபார்மைக் கழற்றிப் புடவை சுற்றுவதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை அரவிந்தன் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவன், அதே வண்டியில்தான் வந்திருந்தார்கள்.

அவனுடைய தாய்மாமன் வேம்புலி முதலில் செருப்பைக் கழற்றினார். வாங்க என்று கும்பிட வேண்டிய யுவராணி கையை நீட்டி, "சைலண்ட்ல போட்டு குடுங்கண்ணே" என்றாள்.

வேம்புலியும் அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தினம் தினம் கேட்டில் போனைக் கொடுத்துப் பழகியவர். மறுபேச்சில்லாமல் சட்டைப் பையிலிருந்து எடுத்து, சைலண்டில் போட்டுக் கொடுத்துவிட்டார். மாமாவே கொடுக்கிறாரே என்று அரவிந்தனும் கொடுத்தான். வேம்புலி உள்ளே ஓரடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"டோக்கன்?"

அப்போதுதான் தான் நிற்பது எந்த வாசல் என்று யுவராணிக்கு உறைத்தது. லோகநாதன் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா தாயம்மா படியிலேயே நின்றுவிட்டாள். "இன்னாம்மா இது, ஊட்டுக்கு வந்தவங்களாண்ட போனப் புடுங்கிகினு கீற? நாங்க இன்னா திருடிகினா பூடப் போறோம்?"

யுவராணி போன்களைத் திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தாள். சமையலறைத் திரைக்குப் பின்னால் தீபிகாவின் கால்கள் தெரிந்தன. கை நகர மறுத்தது.

"தப்புதான்க்கா, பழக்க தோஷம். ஆனா வாங்கினது வாங்கிட்டேன், காபி குடிச்சு முடிக்கங்காட்டியும் இருக்கட்டும். போன தபா வந்தவங்க எம்பொண்ண போன்லதான் பாத்தாங்க. மொகத்த ஒருத்தரும் பாக்கல. நீங்களாவது பாருங்க."

தாயம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. "அதெல்லாம் சரிதாம்மா. எம்பொண்ணு ஆவடில நெறமாசமா கீறா. எப்ப வலி எடுக்கும்னு யாருக்குத் தெரியும்? நான் எப்டி போன வெச்சிட்டு குந்துறது?"

நியாயமான கேள்வி. கேட்டில் இதற்கும் வழி உண்டு. வீட்டில் அவசரம் என்றால் கேட் போனுக்கு அழைப்பார்கள், யுவராணி ஓடிப்போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவள் லோகநாதனின் பழைய பட்டன் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இந்த நம்பர பொண்ணாண்ட சொல்லிடுங்க. இது உங்க மடியிலயே இருக்கட்டும்க்கா."

தாயம்மா மகளை அழைத்து நம்பரைச் சொல்லிவிட்டுத் தன் போனையும் சைலண்டில் போட்டுக் கொடுத்தாள். யுவராணி தன் போனையும் புருஷன் போனையும் சேர்த்து, ஐந்தையும் பிரிட்ஜ் மேல் வைத்தாள்.

முதல் ஐந்து நிமிடம் ஒருவருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேம்புலி காலிப் பையை நாலு தடவை தடவிப் பார்த்தார். யுவராணிக்கே விரல் நமநமவென்றது. தீபிகா கேசரியும் காபியும் கொண்டுவந்தாள். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அவளும் நேராக அரவிந்தனைப் பார்த்துக் கேட்டாள். "நான் டெய்லி வேலைக்கு ஷேர் வேன்லதான் போறேன். ஏன் பதினாலு பேர ஏத்துறீங்க?"

"பதிமூனுதாங்க. பதினாலாவது நானு."

தாயம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம் பேச்சு நிற்கவில்லை. மருந்துச் சீட்டை நீட்டுகிறவர்கள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே மாத்திரையை மூன்று தடவை கேட்பதை தீபிகா நடித்தே காட்டினாள். அரவிந்தன் கேசரியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கேள்வியும் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்தான். யுவராணிக்கு அவனை அந்த நிமிடமே பிடித்துப் போயிற்று. ஆனால் பிடிக்க வேண்டியது தீபிகாவுக்கு அல்லவா.

கிளம்பும்போது ஆறு மணி. போன்களைத் திருப்பிக் கொடுத்தாள். தாயம்மாவின் போனில் பதினோரு மிஸ்டு கால், எல்லாம் பெண் எப்படி, போட்டோ அனுப்பு என்று கேட்கும் சொந்தக்காரர்கள். பழக்கத்தில் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கியவள், இறக்கிக்கொண்டு தீபிகாவிடம் கேட்டாள். "ஒன்னு எடுக்கட்டுமா கண்ணு?"

"இன்னிக்கு வேணாம் அத்தை."

எல்லாம் போச்சு, இவ்வளவு நேரம் சிரித்ததெல்லாம் மரியாதைக்குத்தான் போலிருக்கிறது என்று யுவராணி நினைத்தாள்.

தீபிகா பிரிட்ஜ் பக்கத்தில் சார்ஜில் போட்டிருந்த தன் போனைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உங்க நம்பர் சொல்லுங்க" என்றாள் அரவிந்தனிடம்.

அவன் காது சிவந்துபோனது. ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான். "வண்டி ஓட்டசொல்ல போன எடுக்க மாட்டேங்க. பரவால்லியா?"

"எடுத்தீங்கன்னாதான் வேணாம்னு சொல்லுவேன்."