ஃபோல்டருக்குக் காவல் இருந்தவர்

ஃபோல்டரைப் பார்ப்பதுதான் வரவின் வேலை. கேட்டால் சிரிப்பு வரும். சொந்த மாமனாரே சிரித்திருக்கிறார். "பாத்துட்டு என்ன மாப்பிள்ளை பண்ணுவீங்க?" என்று கேட்டவரிடம், "திரும்பவும் பாப்பேன் மாமா" என்று வரவு சொன்னார்.

கலர் லேபின் பின்னறையில் அவர் நாற்காலி. எதிரே திரை, திரையில் ஒரு மஞ்சள் ஃபோல்டர். சுற்றுவட்டாரத்து ஸ்டூடியோக்கள் அனுப்பும் படங்கள் அதில் வந்து விழும். விழுந்ததும் திறந்து, யார் தலையும் வெட்டுப்படவில்லை என்று உறுதி செய்து, பிரிண்ட் மெஷினுக்குத் தள்ளிவிட்டு, "வரவு!" என்று குரல் கொடுப்பார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டிங் மேசை அக்கா கத்தியைக் கையில் எடுப்பாள். கூவிக் கூவி அதுவே அவர் பெயராகிவிட்டது. கம்ப்யூட்டரிலும் அந்தப் பெயரில்தான் நுழைவார்.

அன்று அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், மடியில் லேப்டாப். புது ஏற்பாடு செய்து கொடுக்க வெளிக் கம்பெனியிலிருந்து வந்தவள்.

"இது பின்னால ஓடிட்டே இருக்கும்ணே. கண்ணுக்குத் தெரியாது. ஃபோல்டரையே பாத்துட்டு இருக்கும். ஃபைல் வந்ததும் அதுவே எடுத்து மெஷினுக்குக் குடுத்துடும்."

"டீ குடிக்குமா?"

"குடிக்காது."

"பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு?"

"கேக்காதுண்ணே."

"அப்ப முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போகும்" என்றார் வரவு.

முதலாளி முந்தின வாரமே தோளில் கைபோட்டுப் பேசியிருந்தார். "உன்னை விட்டுருவேனா? கட்டிங் மேசையில உனக்கொரு இடம் பாப்போம். நாமெல்லாம் ஒரு குடும்பம்யா." முதலாளி வாயில் குடும்பம் என்ற சொல் வந்தால் யாருக்கோ சீட்டுக் கிழியப்போகிறது என்பது லேபில் எல்லாருக்கும் தெரியும். வரவுக்கும் தெரியும். ஆனாலும் தோளில் போட்ட கை கனமாக, இதமாக இருந்தது.

ஒரு காலத்தில் அந்த அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. கல்யாண சீசனில் படங்கள் மழை மாதிரி கொட்டும். பொண்ணு சிரிக்குமா முறைக்குமா என்று படத்தைத் திறக்கும் முன்பே மூவரும் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவன் டீ வாங்க வேண்டும். ஒரு குழந்தை முதல் பிறந்தநாளுக்கு அந்த ஃபோல்டரில் வந்தது. பிறகு பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு வந்தது. மீசை முளைத்து வேலைக்கு மனுப்போட வந்தது. "நம்ம பையன் வளந்துட்டான்டா" என்று மூவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று மூவருக்கும் தெரியாது.

வரவின் கல்யாணப் படங்களும் அதே வழியாகத்தான் வந்தன. லீவு முடிந்து திரும்பியவர், தான் கண்ணை மூடிக்கொண்டு நின்ற படம் சுவர் அகலத்துக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். கீழே கூட்டாளிகள் எழுதியிருந்தார்கள்: 'ஃபோல்டர் பார்க்கும் கண்களுக்கு இன்று விடுமுறை.' பிறகு ஒரு கூட்டாளி வேன் ஓட்டப் போனான், இன்னொருவன் இன்ஷூரன்ஸ் விற்கப் போனான். சுவருக்கு வெள்ளையடித்தபோது படமும் போயிற்று.

சோதனை ஓட்டம் தொடங்கியது. அவள் ஒரு படத்தை அனுப்பினாள். படம் ஃபோல்டரில் விழுந்தது. மெஷின் அசையவில்லை. 'கோப்பு வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது' என்று லேப்டாப் சொன்னது. இன்னொன்று அனுப்பினாள். அதே பதில். பின்னால் ஓடும் அந்தச் சேவையை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். வைரஸ் தடுப்பை அணைத்தாள். மேசைக்கடியில் நுழைந்து கேபிளை ஆட்டிவிட்டுத் தலையில் ஒட்டடையோடு வந்தாள்.

"யாரு அந்த வேறொருவர்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நிமிர்ந்தவள், வரவின் வலது கையைப் பார்த்தாள். படம் விழுகிற கணமே அந்தக் கை மவுஸைத் தட்டிப் படத்தைத் திறந்துவிடுகிறது. மெஷினுக்குக் கொடுக்க வரும் சேவை, ஏற்கெனவே திறந்திருக்கும் படத்தை எடுக்க முடியாமல் திகைத்து நிற்கிறது.

"அண்ணே, கையைக் கொஞ்சம் எடுங்களேன்."

வரவு தன் கையை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி பார்த்தார். "ஐயய்யோ, நானாம்மா அது! சத்தியமா எனக்கே தெரியலம்மா." இருவரும் சிரித்த சிரிப்பில் அக்கா கண்ணாடியைத் தட்டி, "என்னடா அங்க கூத்து? எனக்கும் சொல்லிட்டுச் சிரிங்க" என்றாள்.

சிரிப்பு அடங்கியபின் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கை இங்கேயே இருந்தால் அது ஓடாது. அது ஓடாவிட்டால் இந்த நாற்காலி இருக்கும்.

அடுத்த படம் வந்தது. கை மவுஸுக்குப் போயிற்று. இந்த முறை தானாகப் போகவில்லை.

அவள் சிரிக்கவில்லை. கையையும் பார்க்கவில்லை. லேப்டாப் சொன்னதைப் படித்தாள். அந்த நேரம் பார்த்து முதலாளி தலையை நீட்டினார்.

"என்னம்மா, மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்னியே?"

"சின்னத் தடங்கல் சார். பாத்துட்டிருக்கேன்."

"இன்னைக்கு ஓடலேன்னா உங்க கம்பெனிக்கு போன் போட்டு வேற ஆளை வரச் சொல்லிடுவேன். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளுக்கா பஞ்சம்?"

அவர் போனபின்னும் அவள் வரவைக் குற்றம் சொல்லவில்லை. "போன இடத்துல ஒரு அண்ணன் கேபிளையே பிடுங்கி எறிஞ்சுட்டாரு" என்றாள், யாரோ ஊருக்குப் போன சேதியைச் சொல்வது போல. "அந்தப் பழி என் தலையில விடிஞ்சுது. இதுவும் போச்சுன்னா என்னை நிறுத்திருவாங்கண்ணே."

"அந்த அண்ணன் இப்ப என்ன பண்றாரு?"

"தெரியலண்ணே."

வரவு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். "அனுப்பும்மா" என்றார்.

படம் விழுந்தது; மறைந்தது. அந்தப் பக்கம் மெஷின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அவர் கூவ வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிரிண்ட் தட்டில் விழுந்த பிறகுதான் அக்கா கவனித்தாள். "என்னடா தம்பி, தொண்டை கட்டிக்கிச்சா?"

மூட்டை கட்டும்போது அந்தப் பெண் தயங்கினாள். "இது யாராவது ஒருத்தர் பேர்ல ஓடணும்ணே. புதுப் பேர் வாங்கினா வருஷா வருஷம் பணம் கட்டணும், வேணாம்னுட்டார் முதலாளி. ஃபோல்டருக்கு அனுமதி உங்க பேருக்குத்தான் இருக்கு. அதையே போட்டுடட்டுமா?"

"போடும்மா" என்றார் வரவு. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "இத்தனை வருஷம் இருந்த பேரு, இருந்துட்டுப் போகட்டும்."

மாசக் கடைசியில் முதலாளி மறுபடி தோளில் கைபோட்டு, "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடு. இடம் காலியானதும் சொல்லி அனுப்புறேன்" என்றார். சொல்லி அனுப்பவில்லை. வரவு வீட்டில் இருந்தார். குக்கர் விசில் அடித்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி தைக்கிற துணிக்குப் பொத்தான் கட்டிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். "டேய் தம்பி, பொண்ணுக்குப் பிரசவம். நான் வேலையை விட்டுட்டுப் போறேன். என் இடம் காலி. இன்னைக்கே போய்க் கேளு, நாளைக்குன்னு தள்ளிப்போடாதே."

மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் அவர் உட்காரவே இல்லை.

லேப் வாசலில் புதிதாக ஒரு வாட்ச்மேன், கையில் சிலேட்டு மாதிரி ஒரு திரை. கம்ப்யூட்டருக்குள் நுழைந்தவர் எல்லாம் வேலைக்கு வந்தவர் என்று முதலாளி கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்குதான் அந்தத் திரையில்.

"யாரைப் பாக்கணும் சார்?"

"முதலாளியை. வரவு வந்திருக்கேன்னு சொல்லுங்க, போதும்."

வாட்ச்மேன் விரலால் தேடினான். "வரவு உள்ளதான சார் இருக்காரு?" திரையைத் திருப்பிக் காட்டினான். பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி. "நான் சேர்ந்த நாள்லருந்து பாக்கறேன். ஞாயித்துக்கிழமையும் வந்துடறாரு. அப்படி ஒரு உழைப்பாளி."

"நான்தாங்க அது."

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தான். கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒரே பேர்ல ரெண்டு பேரை உள்ள விட்டா என் வேலை போயிடும் சார். பிள்ளைகுட்டிக்காரன்" என்றான். பெஞ்சைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்காரச் சொன்னான்.

வரவு சட்டை கசங்காமல் நுனியில் உட்கார்ந்தார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்கற வரவு வெளிய வந்ததும் நானே உங்களைக் கூப்பிடறேன். பாக்க வந்தவங்க பேர்னு இதுல ஒண்ணு போடணும்" என்றான் வாட்ச்மேன், விரலைத் திரைக்கு மேலே நிறுத்தி. "அவரு பேரு வேணாம் சார், அதை இது வாங்காது. வேற ஏதாவது ஒரு பேரு சொல்லுங்க."