இருபத்தேழாம் நம்பர் பெல்ட்

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதினேன்.

உயரமான கட்டடங்களில் தொங்கி வேலை செய்கிறவர்களுக்கான பாதுகாப்பு பெல்ட் தைக்கும் தொழிற்சாலை எங்களுடையது. நான் சூப்பர்வைசர். பத்து பெல்ட்டில் ஒன்றை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்போம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாதம், இழுத்ததில் பாதி படபடவென்று பிரிந்தது. கத்திப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். 'சிறந்த தொழிலாளி' என்று போட்டோ மாட்டினேன். மறுநாளே அதற்கு மீசை முளைத்திருந்தது. போட்டோவில் இருந்தது ஒரு பெண்.

"அடுத்த மாசமும் இப்படின்னா உன் சீட்டைக் கிழிச்சுடுவேன்" என்றார் முதலாளி.

அன்றுதான் எழுதினேன். 'நான் பெயின்ட் அடிப்பவன். பதினான்காவது மாடியில் கால் வழுக்கியது. பெல்ட் தாங்கியது. ஓரத்தில் 27 என்று போட்டிருக்கிறது. அந்தக் கைகளை என் பிள்ளைகள் கும்பிடுகிறார்கள்.'

தைத்தவரின் எண் பெல்ட் ஓரத்தில் இருக்கும். 27 மின்னலக்காவின் எண். மின்னல் வேகத்தில் தைப்பாள்; தையலும் அதே வேகத்தில் பிரியும். இருப்பதிலேயே மோசமான கை என்பதால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தேன். அக்கா வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். மறுநாளிலிருந்து அவள் வேறு ஆள். ஒவ்வொரு தையலையும் நகத்தால் நெருடிப் பார்ப்பாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் திருந்தினார்கள். எனக்குப் பதவி உயர்வு.

இன்று காலை அவள் மகள் என் அறைக்கு வந்தாள்.

"சார், அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போச்சு. இனிமே தைச்சா ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேலைய விடுன்னா, 'என்னை நம்பி ஆளுங்க தொங்குறாங்கடி'ங்குது. அந்த லெட்டரை மடிச்சுப் பர்ஸுல வச்சிருக்கு சார். நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

மகளை அனுப்பிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னங்க சார், என் பொண்ணு வந்து கோள் மூட்டிட்டாளா?" சிரித்துக்கொண்டே வந்தாள். விரல்கள் கிழங்கு மாதிரி இருந்தன.

"அக்கா, உக்காருங்க. அந்த லெட்டர்..."

"அதுக்கென்ன?"

"நான்தான் எழுதினேன். அப்படி யாரும் விழல. யாரும் பிழைக்கல."

திட்டுவாள் என்று நினைத்தேன். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜையைப் பார்த்தாள். முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"தம்பி," என்றாள். சார் போய்விட்டது. "நாலு வரிசை தைக்கணும்ல? அப்பல்லாம் அஞ்சு மணி சங்கு ஊதப்போகுதுன்னா நான் மூணுதான் போடுவேன். அந்த லெட்டரைக் கேட்டதும் என்ன நினைச்சேன் தெரியுமா? மூணு வரிசை போட்டதே ஒரு உசுரைத் தாங்கிடுச்சு, கடவுள் நம்மள மன்னிச்சுட்டாரு, இனிமே ஒழுங்கா இருப்போம்னு நினைச்சேன்." நிமிர்ந்தாள். "அப்போ அது தாங்கலையா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"அந்த மூணு வரிசை பெல்ட்டெல்லாம் இப்ப யார் இடுப்புல இருக்கு தம்பி?"

மெஷினில் பிரிந்ததை மட்டும் குப்பையில் போட்டேன். கூடவே தைத்த மற்ற ஒன்பதை? லாரியில் ஏற்றி அனுப்பினேன். ஆர்டர் அவசரம், சீட்டு பயம். ஒரு பெல்ட் ஐந்து வருடம் உழைக்கும். இன்னும் இரண்டு வருடம் பாக்கி. மூன்று வருடமாக நான் பொய்க் கடிதத்துக்காகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தேன். இதை ஒரு நாளும் நினைத்ததில்லை.

"முதலாளிகிட்ட கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"அவர்கிட்ட கேக்குறதுக்குள்ள ஒருத்தன் கால் வழுக்கினா?"

பழைய டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரைத் தூசு தட்டி எடுத்தேன். அந்த மாதம் 27 போட்டது அறுபது பெல்ட், நான்கு இடங்கள். முதல் இடத்தின் போன் எண்ணை அழுத்தினேன். ஒரு மேஸ்திரி எடுத்தார். பின்னணியில் காற்று இரைந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க, ஆளுங்க மேல தொங்கிட்டிருக்காங்க."

"பெல்ட் ஓரத்துல நம்பர் இருக்கும். 27 இருக்கான்னு பாருங்க."

"ஒரு டஜன் இருக்குமே. நல்ல பெல்ட்டுங்க. ஏன்?"

"எல்லாரையும் உடனே இறக்குங்க. அந்தத் தையலை நம்ப முடியாது."

"யாருய்யா நீ?"

வேலை போகும். ஜெயில்கூட வரலாம். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை டெஸ்ட் பண்ணாம அனுப்பினவன். சூப்பர்வைசர்."

வாய் கூசும் வசவு ஒன்று காதில் விழுந்தது. பிறகு அவர் மேலே பார்த்துக் கத்துவது கேட்டது. நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஒருத்தன் இறங்கிட்டான்... ரெண்டு..."

அக்கா தன் வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்க முயன்று, மடங்காமல், மேஜையில் தட்டித் தட்டி எண்ணினாள்.