முதல் வரியில் ஒரு மூடு

நியூ டவுன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே நாகலட்சுமி, காளிகாட் ரத்த வங்கியின் ரவுட்டரைப் பூட்டிவிட்டு, தானும் உள்ளே போக முடியாமல் வெளியே நின்றுவிட்டாள்.

வேலை என்னவோ சின்னதுதான். அங்கே ரத்தம் வைக்கும் ஃபிரிட்ஜ்களைக் கவனிக்க அரதப்பழசான ஒரு பெட்டி உண்டு. சூடு ஏறினால் அது கத்தாது. இப்போதைக்கு அவள் கைபேசிக்குச் செய்தி மட்டும் அனுப்பும். பழைய நெட்வொர்க்கில் கிடந்த அதை ரவுட்டர் வழியாகப் புதியதோடு இணைக்க வேண்டும். தகவல் போய்வரும் வழிகளான போர்ட்டுகளை எல்லாம் அடைத்துவிட்டு, பெட்டிக்கு ஒன்று, அவள் போய்வர ஒன்று என்று இரண்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எழுதிக் கொடுக்கும் விதிகளை ரவுட்டர் வரி வரியாக மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் 'எல்லாவற்றையும் மூடு' என்பது கடைசியில் வர வேண்டும். மகராசி அதை முதல் வரியாகப் போட்டுத் தொலைத்தாள்.

இந்த வேலையை அவள் வலியப் போய் ஏற்றதே தாராவுக்காகத்தான். மகளுக்குத் தலசீமியா. நாளை, துர்கா பூஜை அஷ்டமி காலையில், ஏற்ற வேண்டிய ரத்தம் அங்கே இரண்டாம் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

ஆனாலும் முதலில் அவள் பதறவில்லை. தூரத்து ரவுட்டரில் கை வைக்கும் முன் விவரம் தெரிந்தவர்கள் செய்வதைச் செய்திருந்தாள்: கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து எழும்படி சொல்லி வைத்திருந்தாள். சேமிக்காத தப்பெல்லாம் அதோடு அழிந்துபோகும்.

ரவுட்டர் எழுந்தது. அவளை உள்ளே விடவில்லை.

காளிகாட்டில் இருந்த டெக்னீசியன் மஹாதேவனைப் போனில் பிடித்தாள். ரவுட்டரில் லேப்டாப்பைக் கேபிளால் மாட்டி உட்கார்ந்திருந்தவன், பூஜை விளக்குகளால் கரண்ட் போய்விடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் சேமித்துவிட்டானாம்.

"மாத்தினா உடனே சேவ் பண்ணுன்னு நீங்கதானேக்கா திட்டினீங்க?" என்றான்.

திட்டியது வாஸ்தவம்தான். போன மாதம் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருந்தாள். யாரை நொந்துகொள்வது?

நேரில் போகலாமென்றால் சப்தமிக் கூட்டத்தில் டாக்ஸி நகராது. அந்தக் கேபிள்தான் கதி. அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்ல வைத்து அவன் உயிரை எடுத்தாள். மாடியில் ஃபிரிட்ஜ்களைப் பார்க்க அந்த நேரத்தில் யாருமில்லை.

ஒருவழியாக மூடு வரி கீழே இறங்கியது. அப்பாடா என்று சாய்ந்தாள். பந்தல் பார்க்க வீட்டுக்காரி வாசலில் காத்திருக்கிறாள், சோதனையைப் பூஜை முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான் மஹாதேவன். சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லப்பா. மாடிக்குப் போய் ரெண்டாவது ஃபிரிட்ஜைக் கொஞ்சம் திறந்து வை. மெசேஜ் வருதான்னு பாத்துடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனான். சற்றைக்கெல்லாம் அவள் கைபேசி அலறியது: இரண்டாம் ஃபிரிட்ஜ், சூடு ஏறுகிறது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்துடுச்சு. போதும், கதவை மூடு."

"எந்தக் கதவு? நான் இன்னும் படியிலதான்க்கா இருக்கேன்."

"ஓடு" என்றாள்.

யாரோ ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி அங்கே சீரியல் விளக்கை மாட்டியிருந்தார்கள். பெட்டி எத்தனை தடவை சொல்லிப் பார்த்ததோ. வழியை அடைத்து வைத்தவள் அவள்தானே. நல்லவேளை, ரத்தம் கெடும் அளவுக்குச் சூடு ஏறவில்லை. தாராவின் ரத்தப் பைகளை அடுத்த ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டதாக மஹாதேவன் மூச்சிரைக்கச் சொன்னான்.

கைபேசி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தார். அவள் அதை அணைக்கவில்லை.